ஆட்டுக்கு வந்த ராஜயோகம்

விஸ்வநத்தம் சாலையோரத் தோப்பில் திராட்சைச் சித்தர் வந்து இறங்கியதிலிருந்து, சிவகாசி மக்களின் விதி நெற்றியை விட்டுப் பல்லுக்கு இடம் மாறிவிட்டது. கண்ணை மூடி வாயைத் திறக்க வேண்டும். விபூதியில் புரட்டிய ஒரு திராட்சையைச் சித்தர் உள்ளே போடுவார். 'கறுக்' என்றால் ராஜயோகம். 'கொழக்' என்றால் தோஷம். கொட்டை வருதே என்று கேட்டால், அது கெட்டியான தோஷம் என்பார். பரிகாரம் உண்டு, கையில் காசில்லாதவர்கள் போனில் அனுப்ப ஸ்கேன் அட்டையும் உண்டு. பரிகாரம் செய்தவர் வாயில் அடுத்த பழம் தவறாமல் கறுக் என்றது. விஞ்ஞானத்தால் விளக்க முடியாத அற்புதம் என்றார்கள். விஞ்ஞானத்திடம் யாரும் கேட்கவில்லை.

பட்டாசு கம்பெனி முதலாளியம்மா பத்திரகாளி, தன் மகன் ராஜபாண்டியனையும் அவனுக்கு நிச்சயித்த சுகிர்தாவையும் அங்கே அழைத்துவந்தாள். சுகிர்தா திராட்சைக் கொடிகளின் மரபணுவை ஆராய்பவள். பத்திரகாளியின் வாயில் அது "பழக்கடைப் படிப்பு".

பத்திரகாளி கடித்தாள். கறுக். சுகிர்தா கடித்தாள். கொழக்.

"இந்தப் பொண்ணு கால் வச்சா குடோன்ல இருக்கிற பட்டாசுச் சரமெல்லாம் நமுத்துப்போகும்" என்றார் சித்தர்.

பத்திரகாளி கன்னத்தில் போட்டுக்கொண்டாள். "சீசன் நேரத்துல இப்படிச் சொல்றீகளே சாமி. ஏலே ராசா, கல்யாணத்தை நிறுத்திருவோம்லே."

ராஜபாண்டியன் தரையைப் பார்த்தான். சுகிர்தாவுக்கு அதுதான் சுருக்கென்றது. வாயிலிருந்த கொட்டையை உள்ளங்கையில் துப்பிப் பார்த்தாள்.

"சாமி, ரெண்டு பழமும் ஒரே கொடியா?"

"ஒரே கொடிதான் தாயி. உன் விதிதான் அதை இளக்குது."

சுகிர்தா சித்தர் முன்னால் இருந்த மேசையின் துணியை இழுத்தாள். கீழே இரண்டு கிண்ணங்கள். வலது கிண்ணத்திலிருந்து ஒன்றைத் தான் கடித்தாள். கறுக். இடது கிண்ணத்துப் பழம் பத்திரகாளிக்கு. கொழக்.

"இப்ப நீங்க வாயத் திறங்க சாமி." சித்தருக்கும் கொழக்.

அதற்குள் தோப்பில் நின்ற ஆடு ஒன்று வலது கிண்ணத்தில் வாய் வைத்தது. கறுக், கறுக், கறுக்.

"ஆட்டுக்கு எம்புட்டு யோகம் பாத்தீகளா" என்றார் ஒருவர், இன்னும் பக்தி குறையாமல்.

சுகிர்தா சொன்னாள்: "அத்தை, இது கம்பத்துப் பன்னீர் திராட்சை. சதை இளகித்தான் இருக்கும். அது கொட்டையில்லாத வேற ரகம், இறுக்கமா இருக்கும். அதெல்லாம் அந்தந்தக் கொடியோட மரபணுவுல இருக்கு. கடிக்கிறவுக ஜாதகத்தை அது பாக்காது."

சித்தர் நைசாகத் தன் ஜீப்பை நோக்கி நகர்ந்தார். தீப்பெட்டி கம்பெனியில் வேலை பார்க்கும் மாடத்தி அவர் ஜிப்பாவைப் பிடித்துக்கொண்டாள். "பரிகாரக் காசைக் குடுத்துட்டு, வேணும்னா என் தோஷத்தை எடுத்துட்டுப் போங்க சாமி."

பத்திரகாளி மூக்கைச் சிந்தினாள். "தப்பாப் பேசிட்டேன் தாயி. கல்யாணத்தை வச்சுக்கிடுவோம். நாள் குறிக்கச் சாத்தூர்ல ஒரு மாம்பழச் சாமி இருக்காராம்."

ராஜபாண்டியன் அப்போதுதான் தலையை நிமிர்த்தினான். "அங்கன நீ மட்டும் போம்மா."

கொழகொழவென்று இருப்பது பன்னீர் திராட்சைக்கு அழகு. மண்டைக்குள் இருப்பதும் அப்படியே இருந்தால், கிண்ணத்தோடு எவனாவது வந்துகொண்டேதான் இருப்பான்.