கண்ணொத்தி போட்ட உதை

பட்டாளத்தில் ஒருவனை உதைத்துவிட்டு, அவனையே தொட்டுக் கும்பிட்ட ஒரே வீரன் எங்கள் கண்ணொத்திதான். அந்தப் பேரை வைத்தவன் நான். எட்டாவதோடு படிப்பை முடித்தவன் வைத்த பேர், பெற்றவர்கள் வைத்த பேரையே விழுங்கிவிட்டது.

அவன் எங்கள் பக்கத்து வடக்கனந்தல்காரன். இருவரும் ஒரே ரயிலில் வடக்கே பயிற்சிக்குப் போனோம். அங்கே பஞ்சாப் பையன்களுக்குக் கட்டிப்பிடிக்கக் காரணமே வேண்டாம். ரொட்டி சூடாக வந்தால்கூடக் கட்டிப்பிடிப்பார்கள். கண்ணொத்தி மட்டும் கரண்ட் கம்பம் மாதிரி விறைத்து நிற்பான். "எங்கப்பாவே என்னை இப்பிடிப் புடிச்சதில்லடா" என்பான்.

ஆனால் அவன் கால் யார்மேலாவது பட்டுவிட்டால் போச்சு. விரட்டிப் போய்த் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வான். நம் ஊரில் எல்லாரும் செய்வதுதான். அணிவகுப்பின் நடுவில் யார் செய்வார்? ஒருநாள் முன்னால் போனவன் குதிகாலை மிதித்துவிட்டு அப்படியே குனிந்தான். பின்னால் வந்த வரிசை மொத்தமும் அவன்மேல் சரிந்தது. பயிற்சி கொடுக்கும் உஸ்தாத் எங்கள் எல்லாரையும் மைதானம் முழுக்க உருளவிட்டார்.

கைச்சண்டைப் பயிற்சியில் நிலைமை இன்னும் மோசம். ஒரு உதை, ஒரு கும்பிடு. அவன் குனிகிற நேரத்தில் எதிராளி அவனைத் தூக்கிப் போட்டுவிடுவான். பரீட்சையிலும் இப்படிச் செய்தால் ஊருக்கு அனுப்பிவிடுவேன் என்றார் உஸ்தாத். கண்ணொத்திக்குச் சோறு இறங்கவில்லை.

"மாலை போட்டு பஸ் ஏத்தி வுட்டாங்கடா. எந்த மூஞ்சிய வச்சிக்கினு திரும்பிப் போவேன்?"

"கும்பிடாம ஒதைச்சா இன்னா?"

"கால் பட்டா கை தானா போவுதுடா."

அப்போதுதான் என் மூளை வேலை செய்தது. படித்த மூளையாக இருந்தால் செய்திருக்காது.

"எத்தினி ஒதை வேணுமோ அத்தினிக்கும் சேத்து முன்னாடியே கும்பிட்டுடு."

பரீட்சையில் எதிரே நின்றவன் பஞ்சாப் பையன்களிலேயே பெரிய உருவம். கண்ணொத்தி நேராகப் போய் அவன் தோளைத் தொட்டுத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டே இருந்தான். ஏதோ பூஜை என்று நினைத்து அவனும் பக்தியோடு நின்றான். விசில் ஊதியதும் விழுந்தது உதை. மலை சரிந்தது. கண்ணொத்தியின் கை அசையவில்லை. அதற்கு வேலை மிச்சமில்லை.

பாஸ். விழுந்தவன் எழுந்து வந்து அவனையே கட்டிப்பிடித்துத் தூக்கினான். கண்ணொத்தி அப்போதும் கம்பம்தான். எனக்கு அன்றுதான் மூச்சே வந்தது. அவனை அனுப்பியிருந்தால் அங்கே தமிழில் யாரிடம் பேசியிருப்பேன்?

பட்டாளம் முடிந்து இருவரும் ஊர் திரும்பிவிட்டோம். இன்று மூங்கில்துறைப்பட்டு ஆலைக்குக் கரும்பு ஏற்ற என் சொந்த டிராக்டர்கள் ஓடுகின்றன. என்னைப் பார்த்துவிட்டுப் போக கண்ணொத்தி அடிக்கடி வருவான். இத்தனை வருஷத்தில் ஒருதடவை என் தோளில் கை போட்டதில்லை. அதனால் வாசலில் அவன் செருப்பைக் கழற்றும் சத்தம் கேட்டதும், நடக்கிற வழியில் என் காலை நீட்டி வைத்துக்கொள்வேன்.