செருப்பைக் கும்பிட்ட இயந்திரம்

போடிநாயக்கனூரில் ஒரு இயந்திரம் சாமி கும்பிடுகிறதாம். கேள்விப்பட்டதும் ராசிங்காபுரத்திலிருந்து ஜீப்பில் தொங்கிக்கொண்டு ஜனம் வந்து இறங்கியது. கையில் எலுமிச்சம்பழம், இடுப்பில் பிள்ளை.

இயந்திரம் எங்கள் ஏலக்காய்க் கிட்டங்கியில் இருந்தது. தண்டவாளத்தில் ஓடி, ரேக்கில் ஏறி, கேட்ட பெட்டியை எடுத்து வரும். ஆள் வேண்டியதில்லை. அறிவும் வேண்டியதில்லை என்று முதலாளி ஈஸ்வர் தானாகவே சேர்த்துக்கொண்டார்.

அப்படித்தான் உள்ளே வந்தார் கன்னிமூலைச் சித்தர். போன வருஷம் வரை போடிமெட்டில் சுற்றுலாக்காரர்களுக்கு ரூம் பிடித்துக் கொடுத்தவர். "தினம் விக்கிற சரக்கு தென்மேற்கு மூலையில இருக்கணும்" என்றார். வாசலோ வடகிழக்கில். எந்நேரமும் எடுக்கிற பெட்டி கடைக்கோடிக்குப் போனது. யாரும் தொடாத பழஞ்சாக்கு வாசலோரம் வந்தது. இயந்திரம் ஓடி ஓடித் தேய்ந்தது. லாரிகள் வெளியே காய்ந்தன.

மூலையை நெருங்கினால் இயந்திரம் மெதுவாகி, கையை நீட்டித் தாழும்.

"பாத்தீகளா! நான் வச்ச குபேரப் பெட்டியக் கும்பிடுது!" என்றார் சித்தர். ஜனம் கன்னத்தில் போட்டுக்கொண்டது.

"அப்புறம் ஏன் சாமி லோடு தாமசமாகுது?" என்றார் ஈஸ்வர்.

சித்தரின் விரல் காய் பிரிக்கும் பெரியம்மாளிடம் போய் நின்றது. "தாலியறுத்தவ நெழல் விழுது. நாளையிலருந்து இவ வரக்கூடாது."

ஈஸ்வர் தலையாட்டினார். அந்த வேலையில் அவர் இயந்திரத்தைவிட வேகம்.

பெரியம்மாள் அழவில்லை. இயந்திரத்தை ஓட்டும் கம்ப்யூட்டரில் இருந்த சுஃபியாவிடம் போனாள்.

"தாயி, அந்தக் குபேரப் பெட்டிய வெளிய எடு. நான் குடுக்கிற பெட்டிய உள்ள வையி. வெரசா, அந்த ஆளு சோறு தின்னு முடிக்கங்குள்ள."

"யக்கா, சோலி போயிருமே!"

"எனக்குத்தான் போயிருச்சே."

சாயங்காலம் கூட்டம் நிறைந்தது. இயந்திரம் ஓடி, மூலையில் தாழ்ந்தது. "குபேரா!" என்று சித்தர் நெடுஞ்சாண்கிடையாக விழுந்தார். சுஃபியா பொத்தானை அமுக்கினாள். பெட்டி வாசலுக்கு வந்தது. பெரியம்மாள் திறந்தாள்.

வார் அறுந்த ரப்பர் செருப்பு, ஒரு ஜோடி.

"ஏஞ் சாமி, எஞ் செருப்புக்கா இம்புட்டு மரியாத?"

"தண்டவாளம் முடியிற எடத்துல எத வச்சாலும் இது மெதுவாத்தான் போகும் மொதலாளி. இல்லாட்டி செவத்துல முட்டிரும்ல?" என்றாள் சுஃபியா.

"செருப்புலயும் குபேரன்..." என்று ஆரம்பித்தார் சித்தர்.

"அப்ப தலையில வச்சுக்கிட்டுப் போய்யா!" என்றது கூட்டம். போனார்.

மறுநாள், தினம் விற்கிற சரக்கு வாசலோரம் வந்தது. லாரிகள் மத்தியானத்துக்குள் கிளம்பின. பெரியம்மாள் அதே இடத்தில் உட்கார்ந்து காய் பிரித்தாள். நிழலும் அதே இடத்தில்தான் விழுந்தது.

எலுமிச்சம்பழம் கொண்டுவந்தவர்களே, அதைப் பிழிந்து குடியுங்கள். அறிவை மட்டும் கடைக்கோடி ரேக்கில் ஏற்றிவிடாதீர்கள். தினமும் எடுக்க வேண்டிய சரக்கு அது.