ஐந்து சாக்கு மட்டி

எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன், அரசுத் தொலைக்காட்சியில் சரித்திரப் படம் எடுக்கும் அளவுக்கு உயர்ந்தால் அவனுக்குத் தலைக்கனம் இருக்கத்தான் செய்யும். எனக்கு இருந்தது. இன்னும் கொஞ்சம் இருக்கிறது.

லைட் தூக்க வந்தவன் நான். கேமரா பிடித்து, கடைசியில் முத்துக்குளிப்பைப் பற்றிச் சொந்தமாக ஒரு படம் எடுக்க அனுமதி வாங்கினேன். நன்றாக வந்தால் சரித்திரத் தொடர் முழுவதும் எனக்கே என்று சென்னை அதிகாரி சொல்லியிருந்தார். படித்தவர்கள் எடுத்தால் முத்து பளபளக்கும், அவ்வளவுதான். அந்தக் காலத்தில் சிப்பியைக் கரையில் குவித்து, அழுகவிட்டு, ஈ மொய்த்து, சதை கரைந்த பிறகுதான் கழுவி முத்து தேடினார்கள். அதைக் காட்டியவன் எவன்? நான் காட்டுகிறேன் என்று மார்தட்டினேன்.

முத்துச்சிப்பிக்கு இப்போது எங்கே போக? கறிக்கு விற்கிற சாதாரணச் சிப்பியான மட்டியில் ஐந்து சாக்கு வாங்கி, முத்தையாபுரத்தில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் காலி மனையில் கொட்டினேன். மூன்றாம் நாளே பக்கத்து வீடுகளில் ஜன்னலைச் சாத்தினார்கள். ஐந்தாம் நாள் பஸ் எங்கள் நிறுத்தத்தில் நிற்கவில்லை (சத்தியமாக. விசில் ஊத மூச்சு இழுக்கக் கண்டக்டருக்குப் பயமாம்).

என் மனைவி ரோஸம்மா முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டு கேட்டாள்.

"ஏங்க, டிவியில நாத்தம் வருமா?"

"வராது."

"பின்ன எதுக்கு எங்கள இந்தப் பாடு படுத்துதிய?"

"ஏளா, ஒனக்குக் கலை தெரியாது."

(பதில் தெரியாதபோதெல்லாம் நான் இதைத்தான் சொல்வது.)

எட்டாம் நாள் படப்பிடிப்பு. ரயிலடிக்குப் போய் அதிகாரியை அழைத்துக்கொண்டு, கேமராக்காரர்களோடு வேனில் வந்து இறங்கினேன். குவியலைக் காணோம். மனை முழுக்க வெள்ளை வெளேரென்று பொடி. மாநகராட்சி ஆட்கள் மண்வெட்டியைக் கழுவிக்கொண்டிருந்தார்கள்.

"ஏலே, என் மட்டி எங்கன?"

"குழி தோண்டிப் புதைச்சாச்சு அண்ணாச்சி," என்றார் மேற்பார்வையாளர். "ரெண்டு மூடை பிளீச்சிங் பவுடர் போட்டிருக்கோம். இனி ஒரு ஈ அண்டாது."

"அம்புட்டு ஈயும் என் படத்துல நடிக்க வேண்டியதுலே. எவன் புகார் குடுத்தான்?"

அவர் குரலைத் தாழ்த்தினார். "வீட்டுல அக்காதான் போன் போட்டாவ."

ரோஸம்மா வாசலில் நின்று, ஒரு வாரத்து மூச்சையும் மொத்தமாக இழுத்துக்கொண்டிருந்தாள். பக்கத்து வீட்டுப் பெண்கள் மாநகராட்சி ஆட்களுக்கு மோர் கொடுத்தார்கள். எனக்கு யாரும் கொடுக்கவில்லை. அந்தப் பொடியிலேயே உட்கார்ந்துவிட்டேன். அதிகாரி நாலு பக்கமும் பார்த்துவிட்டு, "சார், இந்தத் துப்புரவு வேலையே நல்லா இருக்கே. இதையே எடுங்க," என்றார்.

எடுத்தோம். சுற்றுப்புறத் தூய்மை என்ற பெயரில் ஒளிபரப்பானது. மேலிடத்துக்கு ரொம்பவும் பிடித்துப்போனது. அங்கேதான் நான் தொலைந்தேன். சரித்திரத் தொடர் ஒரு எம்.ஏ. படித்தவருக்குப் போயிற்று. எனக்குச் சாக்கடை, கொசு, கழிப்பறை. ஓய்வு பெறும்வரை அதுதான் பிழைப்பு. பாண்டியர்களின் முத்துத் துறைமுகமாக இருந்த கொற்கைக்கும் ஒருமுறை கேமராவோடு போனேன், உரக்குழியைப் படம் எடுக்க. (கொசுவை என்னளவுக்கு அழகாக எடுத்தவன் தென்தமிழ்நாட்டில் கிடையாது. அதையும் சொல்லிவிடுகிறேன்.)

இப்போதும் காலையில் குப்பை வண்டி பாட்டுப் போட்டுக்கொண்டு தெருவுக்குள் நுழைந்தால், அடுக்களையிலிருந்து ரோஸம்மாவின் குரல் வரும்.

"ஏங்க, ஒங்க சரித்திரம் வந்துட்டு. வாளிய எடுத்துட்டுப் போங்க."

மருமகள்கள் சிரிக்கிறார்கள். நான் வாளியை எடுத்துக்கொண்டு போகிறேன்.