ஐந்தாவது அட்ஜஸ்டர்

இன்றைக்கு அந்த இன்ஷூரன்ஸ் கம்பெனியை உண்டு இல்லை என்று பண்ணிவிடுவது என்று அன்வர் பாட்சா முடிவு கட்டினார். இந்த முடிவை அவர் கட்டுவது பதினேழாவது தடவை.

கோபத்தில் நியாயம் இருந்தது. ஹூஸ்டன் ஹில்கிராஃப்ட் சிக்னலில் சிவப்பு விளக்குக்கு ஒழுங்காக நின்றவரை, ஒரு பிக்கப் டிரக் பின்னாலிருந்து வந்து மோதியது. ஓட்டியவனிடம் இன்ஷூரன்ஸே இல்லை. அன்வரின் வலது தோளில் தசைநார் கிழிந்தது. தொழுகையில் தக்பீர் கட்டத் தூக்கிய கை பாதி வழியிலேயே நின்றது. இன்ஷூரன்ஸ் இல்லாதவன் இடித்தால் நம்ம கம்பெனியே ஈடு தர வேண்டும் என்று பாலிசியில் கொட்டை எழுத்தில் இருக்கிறது. கம்பெனியோ எட்டு மாதமாக, இடித்ததே இவர்தான் என்பது மாதிரி நடந்துகொண்டது.

"இடிச்சவன் ஒரு தடவைதான் இடிச்சான். இவனுங்க மாசா மாசம் இடிக்கிறானுங்க!"

க்ளெய்மை விசாரிக்கும் அட்ஜஸ்டர்கள் மூன்று பேர் மாறிவிட்டார்கள். மூவரும் கேட்டது அதே ஸ்கேன் ரிப்போர்ட்.

"கத்தாதீங்க. எல்லாத்தையும் எழுத்துல கேளுங்க" என்றாள் மனைவி மெஹர் நிஷா.

"எழுத்துலயா? நான் என்ன பரீட்சையா எழுதறேன்? நீ இதுல தலையிடாத!"

"சரி. இதுல மட்டும் ஒரு கையெழுத்து. உங்க சார்பா நான் பேசலாம்னு."

"எதுக்கு?"

"நீங்க மீட்டிங்ல இருக்கும்போது கூப்பிட்டா யாரு எடுக்கறது?"

படிக்காமலே போட்டுக் கொடுத்துவிட்டு, நான்காவது அட்ஜஸ்டருக்கு போன் போட்டார். ரிவ்யூ பண்ண இன்னும் முப்பது நாள் வேண்டும் என்றான் அவன். அன்வருக்குக் காது சிவந்தது. தனக்குத் தெரிந்த அத்தனை ஆங்கிலத்திலும் கர்ஜித்தார்: "முப்பது நாளா? நேர்ல வாடா! உன்னையும் உன் நாற்காலியையும் சேத்து இதே கையால தூக்கி வீசறேன்!"

"அத்தா! தே ரெகார்ட் தி கால்ஸ்!" என்று மகள் இஸ்ரத் மாடிப்படியிலிருந்து அலறினாள்.

ரெகார்டுதான் பண்ணியிருந்தார்கள். அடுத்த வாரம் கடிதம் வந்தது: 'ஓர் ஆளை நாற்காலியோடு தூக்கும் அளவுக்குத் தங்கள் தோள் தேறியிருப்பதாக அறிகிறோம். காயத்தின் தன்மையை மறுபரிசீலனை செய்கிறோம்.'

அன்வர் அந்தக் கடிதத்தைக் கிழிக்கப் போனார். தோள் வலித்தது. பாதியோடு விட்டார்.

மெஹர் கிழிந்ததை ஒட்டி எடுத்து வைத்தாள். மறுநாள் காலையில் அவர் போனை நீட்டினாள்.

"அஞ்சாவது ஆள் வந்தாச்சு. புது நம்பர் ஏத்திட்டேன். இனிமே இதுக்கே பண்ணுங்க."

ஐந்தாவது அட்ஜஸ்டர் போனையே எடுப்பதில்லை. மெசேஜ் விடச் சொல்லும் மெஷின் குரல்தான் வரும். அன்வர் விட்டார். பிசியோதெரபி முடிந்து காரில் ஏறியதும் விட்டார். வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகைக்குப் போகிற வழியில் விட்டார், திரும்புகிற வழியிலும் விட்டார். கம்பெனியின் ஏழு தலைமுறையையும் இழுத்தார். அப்புறம் குரல் கம்மி, "ராத்திரி இந்தப் பக்கம் ஒருக்களிச்சுப் படுக்க முடியலைய்யா, உனக்கு மனசாட்சியே இல்லையா?" என்றும் ஒருநாள் விட்டார். அன்று சாயங்காலம் மெஹர் ஏனோ கேட்காமலே தைலம் தேய்த்துவிட்டாள்.

பதினோராவது வாரம் கம்பெனியிலிருந்து ஈமெயில் வந்தது. க்ளெய்மை ஏற்றுக்கொண்டார்கள். ஆபரேஷன், தெரபி, வேலைக்குப் போகாத நாட்கள், எல்லாவற்றுக்கும்.

"பாத்தியா! கத்தினாத்தான் இவனுங்களுக்கு உறைக்கும்!"

"ரெண்டாவது பக்கமும் படிங்க."

படித்தார். திருமதி மெஹர் நிஷா தேதிவாரியாக அனுப்பிய ஒன்பது கடிதங்களையும், மாநில இன்ஷூரன்ஸ் துறையில் அவர் கொடுத்த புகாரையும் அடுத்து இந்த முடிவு எடுக்கப்பட்டதாம்.

"அப்ப என் மெசேஜ்? அதைப் பத்தி ஒரு வரி இல்லையே!"

மெஹர் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள். அன்வர் ஆத்திரத்தோடு அந்த ஐந்தாவது அட்ஜஸ்டரைக் கூப்பிட்டார்.

மெஹரின் கைப்பைக்குள் மணி அடித்தது.

"என் பழைய போன்" என்றாள் அவள். "நீங்க நாற்காலியைத் தூக்கினப்புறம் வேற வழி தெரியல. அந்தப் பக்கம் கத்தினா ரெகார்ட் ஆகுது."

"அப்ப பதினோரு வாரமா நான் பேசினது யார்கிட்ட?"

அவள் கையைத் துடைத்துக்கொண்டு போனை எடுத்துக் காதில் வைத்தாள்.

"ஹலோ, அட்ஜஸ்டர்தான் பேசறேன். பதினெட்டு வருஷமா அட்ஜஸ்ட் பண்ணிட்டுத்தான் இருக்கேன், சொல்லுங்க."