முட்டைச் சித்தரின் மூச்சு

ஆம்பூருக்கு வெளியே, பாலாற்றங்கரையில் மூடிக் கிடந்த பழைய தோல் தொழிற்சாலைக்குச் சில மாதங்களாக நல்ல காலம். ஞாயிற்றுக்கிழமை என்றால் ஷேர் ஆட்டோக்கள் வரிசை கட்டி நிற்கின்றன. வாசலில் பூக்கடை, பிரியாணிக் கடை, காசு கொடுத்துச் செருப்பை விடும் இடம். உலகத்துக்கே ஷூ தைத்து அனுப்புகிற ஊரில் செருப்புத் திருட்டுப் பயம் இருக்கத்தானே செய்யும்! உள்ளே முட்டைச் சித்தர் இருக்கிறார்.

பிள்ளையில்லாத பெண் ஒரு முட்டையை ஓர் இரவு தன் வீட்டு அரிசிப் பானையில் புதைத்து எடுத்துவர வேண்டும். முதல் தடவை சித்தர் அதை உடைப்பார். வெறும் வெள்ளையும் மஞ்சளும்தான் இருக்கும். அவர் வருத்தப்படுவார், காணிக்கை வாங்கிக்கொள்வார். இரண்டாம் தடவை முட்டையை மடியில் வைத்து, சிவப்புத் துணியால் மூடி, தம் பிடித்து ஊதுவார். பிறகு உடைத்தால் மஞ்சள் கருவின் மேல் சிவப்பு நரம்புகள் படர்ந்திருக்கும், நடுவில் ஒரு புள்ளி துடிக்கும். அதுவரை ஆம்லெட்டுக்காக மட்டுமே முட்டை உடைத்துப் பழகிய ஜனங்கள் கன்னத்தில் போட்டுக்கொள்வார்கள். இந்துக்களும் வந்தார்கள், முஸ்லிம்களும் வந்தார்கள். ஏமாறுவதில் நம் ஊரில் மத நல்லிணக்கத்துக்குக் குறைவே இல்லை.

மோகனாவும் வந்தாள். அவளாக வரவில்லை, மாமியார் ராஜம்மாள் இழுத்து வந்தாள்.

மோகனா ஷூ கம்பெனியில் செக்கர். தைத்து வருகிற மேல்தோலை உள்பக்கம் புரட்டி, தையல் விட்டிருக்கிறதா என்று பார்ப்பது அவள் வேலை. எவ்வளவு பளபளத்தாலும் புரட்டிப் பார்க்காமல் பாஸ் போடக் கூடாது என்பது அங்கே முதல் நாள் பாடம். கல்யாணமாகி ஆறு வருஷம். வேலூரில் ஓர் ஆஸ்பத்திரியில் கருத்தரிப்புக்காகத் தினமும் ஊசி போட்டுக்கொள்ளச் சொல்லியிருந்தார்கள். அதை நடுவில் விட்டால் வயிற்றில் வளர்ந்துவரும் முட்டைகள் அத்தனையும் வீண். மறுபடி முதலிலிருந்து தொடங்க வீட்டில் வசதி இல்லை, அவள் உடம்பில் தெம்பும் இல்லை.

முதல் தடவை முட்டையை உடைத்ததும் சித்தர் சொன்னார்: "ஊசி சூட்டுல கரு கருகிப் போவுது தாயி. இன்னியோட நிறுத்து. அடுத்த ஞாயித்துக்கெழமை வா."

ராஜம்மாள் வீட்டுக்கு வந்ததும் பிரிட்ஜைத் திறந்தாள். "அந்த ஊசிங்கள எடுத்து வெளிய போடு."

மோகனா எடுத்தாள், ஆனால் போடவில்லை. கூட வேலை செய்யும் வஜீதா வீட்டு பிரிட்ஜில் வைத்து, தினமும் வேலை விட்டு வரும் வழியில் அங்கேயே போட்டுக்கொண்டாள். கணவன் செல்வகுமாருக்கு இது தெரியும். அம்மா முன்னால் அவனுக்கு வாய் வராது, அவ்வளவுதான்.

அந்த வாரம் ஸ்கேனுக்குப் போனபோது மோகனா டாக்டரம்மாவிடம் கேட்டாள். "மேடம், முட்டைய ஊதினா உயிர் வருமா?"

டாக்டரம்மா சிரிக்கவில்லை. கம்ப்யூட்டரில் ஒரு படம் ஓடவிட்டார். உருண்டையாக ஒரு மனித முட்டை, அதைச் சுற்றி விந்தணுக்களின் நெரிசல். ஒன்று உள்ளே நுழைந்தது. உடனே முட்டைக்குள் கால்சியம் அலை அலையாகப் பரவியது. அதன் தூண்டுதலில் மேலுறை கெட்டிப்பட்டது. பின்னால் வந்தவர்களுக்கு இடமில்லை. அதுவரை சும்மா கிடந்த முட்டை விழித்துக்கொண்டு இரண்டாகப் பிரிந்தது, பிறகு நான்காக. ஷிப்ட் தொடங்கியதும் கம்பெனி கேட்டைச் சாத்துவது மோகனாவுக்கு ஞாபகம் வந்தது.

"கோழிக்கும் சேவலோட அணு சேர்ந்தாத்தாம்மா உயிர்," என்றார் டாக்டரம்மா. "அதுவும் ஓடு கட்டறதுக்கு முன்னாடியே நடந்துடணும். கடை முட்டை போடுற கோழி சேவலையே பாத்திருக்காது. ஓட்டு மேல யாரு ஊதினாலும் எச்சில்தான் படும்."

அப்படியென்றால் அந்த நரம்பு எங்கிருந்து வருகிறது? மோகனாவுக்குக் கை பரபரத்தது. புரட்டிப் பார்க்க வேண்டிய பீஸ் இது.

சனிக்கிழமை சாயங்காலம் கடையில் முட்டை வாங்கி, அரிசிப் பானையில் அவளே புதைத்தாள். அதற்கு முன் அடுப்படியில் அவள் செய்த சின்ன வேலையை யாரும் கவனிக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை நல்ல கூட்டம். அன்று சாயங்காலம் போட வேண்டியதுதான் கடைசி ஊசி. "அவரு உயிர காட்டிட்டார்னா ஆஸ்பத்திரி பேச்சே இருக்கக் கூடாது," என்று ராஜம்மாள் வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தாள். செல்வகுமார் ரோட்டைப் பார்த்து வண்டியை ஓட்டிக்கொண்டு வந்தான்.

சித்தர் முட்டையை வாங்கி மடியில் வைத்தார். துணி மூடினார். ஊதினார். துணிக்குள்ளிருந்து எடுத்து, பித்தளைத் தட்டில் உடைத்தார். சிவப்பு நரம்புகள்! துடிக்கிற புள்ளி!

"உயிர் வந்துடிச்சி தாயி! இனிமே ஆஸ்பத்திரி வாசப்படி மிதிக்காத."

ராஜம்மாள் அழுதே விட்டாள். மோகனா தட்டை உற்றுப் பார்த்தாள்.

"சாமி, நான் குடுத்தது அவிச்ச முட்டை."

சித்தர் முகம் வெளுத்தது. நியாயமாகப் பார்த்தால் கதை இங்கே முடிந்திருக்க வேண்டும். ஆனால் பின்வரிசையிலிருந்து ஒருவர் அலறினார்: "அவிச்ச முட்டைக்கே உயிர் குடுத்துட்டாருய்யா!"

கூட்டம் தடதடவென்று தரையில் விழுந்தது. மோகனாவின் சோதனையே அவருக்கு மாலையாகிவிட்டதே! சித்தருக்குத் தெம்பு வந்துவிட்டது. "ஆமா! அவிச்சதுன்னு தெரிஞ்சிதான் ஊதினோம்!" என்று எழுந்து நின்று, இரண்டு கைகளையும் தூக்கி ஆசீர்வதித்தார்.

எழுந்திருக்காமல் ஆசீர்வதித்திருக்கலாம். வேட்டி மடிப்பிலிருந்து ஒரு முட்டை நழுவித் தரையில் விழுந்தது. ஓடு நொறுங்கியது, உள்ளே இருந்தது சிந்தவில்லை. உருண்டு வந்து ராஜம்மாள் காலடியில் நின்றது.

அவள் எடுத்து ஓட்டை உரித்தாள். நன்றாக வெந்திருந்தது.

ஆறு வருஷமாக வாய் திறக்காத செல்வகுமார் இப்போதும் திறக்கவில்லை. நேரே போய்ச் சித்தருக்குப் பின்னாலிருந்த திரையைப் பிடுங்கினான். ஒரு தெர்மாகோல் பெட்டி. உள்ளே குண்டு பல்ப். அதன் வெதுவெதுப்பில் நாட்டுக்கோழி முட்டைகள், நாலைந்து நாள் அடைகாத்த பக்குவத்தில். எடுக்க மறந்துபோன ஒன்று பொரிந்து, ஈரக் குஞ்சு ஒன்று கீச்சென்றது. அந்த இடத்தில் உண்மையாகவே பிறந்த உயிர் அது ஒன்றுதான். சித்தர் முன்பு அரக்கோணம் பக்கம் குஞ்சு பொரிக்கும் பண்ணையில் வேலை பார்த்த பஞ்சாட்சரம் என்பது அன்று சாயங்காலம் போலீஸ் ஸ்டேஷனில் தெரிந்தது.

ராஜம்மாள் கையிலிருந்த முட்டையையும் மருமகளையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"ஊசிங்கள இன்னாடி பண்ண? நெஜமாவே வெளிய போட்டுட்டியா?"

"இல்லத்த. வஜீதா வீட்ல இருக்குது. ஒருநாள் கூட விடல. இன்னிக்குத்தான் கடைசி ஊசி."

"அப்ப கெளம்பு. இங்க இன்னாத்துக்கு நின்னுகினு இருக்கிற? டேய் செல்வா, வண்டிய எடுடா!"

அவர்கள் போன பிறகும் கூட்டத்தில் சிலர் கலையவில்லை. கோழிக்குஞ்சுக்குக் கற்பூரம் காட்டலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தார்கள்.

கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாத ஒரு மனித முட்டை, தனக்கு வேண்டியது உள்ளே வந்ததும் கதவைச் சாத்திக்கொள்கிறது. அதற்கு மூளை கிடையாது. மூளை இருக்கிற நாம்தான் வருகிறவனையெல்லாம் உள்ளே விடுகிறோம்.