பதினாறாம் நாள் அகார் அகார்

என் சமையலைச் சாப்பிட்டு இதுவரை யாரும் செத்ததில்லை. செத்துப்போனவருக்குச் சமைத்துத்தான் நான் பெயர் வாங்கினேன்.

அவர் என் மாமியார். நாங்கள் இருப்பது மலேசியாவில் கோலசிலாங்கூர் பக்கம், செம்பனைத் தோட்டத்தை ஒட்டிய தாமான் குடியிருப்பு வீட்டில். அத்தைக்கு இனிப்புநீர் முற்றி, காலில் ஒரு விரலை எடுத்திருந்தார்கள். அதிலிருந்து வீட்டில் சீனிக்கு நான்தான் போலீஸ். (சம்பளமில்லாத வேலை. ஆனாலும் ஒருநாள்கூட லீவு போட்டதில்லை.) சீனி டின்னை அரிசி வாளிக்குள் புதைத்து வைத்திருந்தேன்.

இறப்பதற்கு ஒரு வாரம் முன்பு அத்தை கேட்டார். "ரோசா வாசம் போட்டு அகார் அகார் செஞ்சி, ஐஸ்பெட்டில வச்சி ஒரு துண்டு குடும்மா. நாக்கு செத்துப் போச்சு."

கடற்பாசியைக் காய்ச்சி உறையவைக்கும் பண்டம் அது. இங்கே பிறந்தநாளோ தீபாவளியோ அது இல்லாமல் நடக்காது. அடுத்த மாதம் ரத்தப் பரிசோதனை முடியட்டும் அத்தை, அப்புறம் பார்க்கலாம் என்று போலீஸ் குரலில் சொல்லிவிட்டேன். அடுத்த மாதம் வரை அவர் இருக்கவில்லை.

பதினாறாம் நாள் படையலில், போனவருக்குப் பிடித்ததையெல்லாம் வாழையிலையில் வைக்க வேண்டும். ஆட்டிறைச்சிப் பிரட்டல், நெத்திலி சம்பல், வெற்றிலை என்று நாத்தனார் செரண்டாவிலிருந்தே போனில் பட்டியல் போட்டார். அகார் அகார் அதில் இல்லை. அத்தை கேட்டதும் நான் மறுத்ததும் எனக்கும் மாமனாருக்கும் மட்டும்தான் தெரியும். நானே செய்கிறேன் என்று சொல்லிவிட்டேன். அதைச் செய்து வைத்தால் அத்தை என்னை மன்னித்துவிடுவார் என்று மனதார நம்பினேன்.

காலையிலேயே கடற்பாசியை ஊறவைத்து, வாசத்துக்குப் பாண்டான் இலையை முடிச்சுப் போட்டுக் காய்ச்சினேன். வாசலில் பூத்திருந்த ரோஜாவின் இதழ்களைக் கழுவித் தட்டில் பரப்பினேன். பிறகு பார்த்தால் ரோஸ் எசென்ஸ் பாட்டில் காலி. கடைக்கு ஓடினால், திரும்பி வருவதற்குள் சட்டியிலேயே உறைந்துவிடும். அலமாரியில் கற்பூரத்துக்கும் சாம்பிராணிக்கும் பின்னால் ஒரு பன்னீர் பாட்டில் இருந்தது. அத்தையைக் கிடத்தியிருந்தபோது அவர் மேல் தெளித்து மீந்தது. ரோஜாத் தண்ணீர்தானே, ரோஜா வாசம்தானே என்று என் மூளை சொன்னது. (இந்த மூளையை வைத்துக்கொண்டுதான் ராவாங்கில் ஒரு தொழிற்சாலையில் தரம் பார்க்கும் வேலையில் இருக்கிறேன்.)

ஒரு மூடி ஊற்றி மோந்து பார்த்தேன். வாசமே இல்லை. இன்னொரு மூடி ஊற்றினேன், அப்போதும் இல்லை. பதினாறு நாள் அழுத அழுகையில் மூக்கு மொத்தமாக அடைத்துக் கிடந்தது எனக்கு உறைக்கவே இல்லை. பாட்டிலைக் கவிழ்த்துவிட்டேன். தட்டை ஐஸ்பெட்டியில் அத்தையின் இன்சுலினுக்குப் பக்கத்தில் வைத்தேன். அதை எடுத்துப்போட இன்னும் யாருக்கும் மனம் வந்திருக்கவில்லை.

படையல் போட்டதும், போனவர் வந்து சாப்பிடட்டும் என்று வழக்கப்படி அறைக் கதவைச் சாத்திவிட்டு எல்லாரும் வெளியே நின்றோம். கொஞ்ச நேரம் கழித்து நாத்தனார் கதவைத் தட்டித் திறந்தார். திறந்தவர் அப்படியே நின்றுவிட்டார்.

"அம்மா வந்துட்டாங்க," என்றார். "அன்னைக்கு மணந்த மாதிரியே மணக்குது. அம்மா வந்துட்டாங்க."

வீடே அலறியது. என் கணவர் அத்தையின் படத்துக்கு முன்னால் நெடுஞ்சாண்கிடையாக விழுந்தார். எனக்கு எந்த மணமும் தெரியவில்லை. அதற்காக விட்டேனா? எல்லாரையும்விட உரக்க அழுதேன். அத்தை வந்துவிட்டார், கேட்டதைச் சாப்பிட்டுவிட்டார், என்னை மன்னித்துவிட்டார். எனக்கு மட்டும் அந்த மணத்தைக் காட்டவில்லையே என்றுதான் சின்ன மனக்குறை.

அழுது ஓய்ந்ததும் படையலைப் பங்கிட்டோம். நாத்தனார் முதலில் எடுத்தது அகார் அகார். வாயில் போட்டு இரண்டு மெல்லு மென்றார், நிறுத்தினார். படையலில் வைத்ததைத் துப்பவும் முடியாது, அதை விழுங்கவும் முடியாது. அவர் கண் தட்டுக்குப் போய், அங்கிருந்து மெதுவாக என்னிடம் வந்தது.

"வசந்தி, இதுல என்னா ஊத்துன?"

சொன்னேன். சொல்லி முடிப்பதற்குள் அவர் பின்வாசல் கால்வாய்க்கு ஓடினார். ஆளுக்கொரு துண்டை வாயில் வைத்திருந்தவர்களும், என் கணவர் உட்பட, அவர் பின்னாலேயே ஓடினார்கள்.

மாமனார் மட்டும் நாற்காலியைவிட்டு எழவில்லை. கையிலிருந்த துண்டை நிதானமாகத் தின்றுகொண்டிருந்தார். வேண்டாம் மாமா என்று நான் பிடுங்கப் போனேன். அதற்குள் கடைசி வாயும் உள்ளே போய்விட்டது.

"சீனி கம்மியாத்தான் போட்டிருக்க," என்றார்.

உண்மைதான். இரண்டு வருடப் பழக்கத்தில் கை தானாகவே பாதிச் சீனிதான் அள்ளியிருந்தது.

"இத அன்னைக்கே அவளுக்குக் குடுத்திருக்கலாம்மா."

கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் எனக்குக் கொஞ்சம் சௌகரியமாக இருந்திருக்கும்.

இன்றைக்கும் தீபாவளிக்கு எங்கள் வீட்டில் அகார் அகார் தட்டு வெளியே வந்தால் நாத்தனார் முதலில் குனிந்து மோந்து பார்ப்பார். "யாருலா போயிட்டா?" என்பார் என் கணவர். புதிதாக யாராவது வந்திருந்தால் நாத்தனார் கதையை முதலிலிருந்து சொல்வார், அம்மா வந்த இடத்தில் எழுந்து நின்று அலறியும் காட்டுவார். எல்லாரும் வயிறு வலிக்கச் சிரிப்பார்கள். நானும்தான். கால்வாயோடு கதை முடிந்துவிடும். மாமா சொன்னது அதில் வராது. அவர் சொன்னபோது அறையில் நான் மட்டும்தான் இருந்தேன்.