ரவுட்டரில் நூறு வருகிறது

வேகம் பார்ப்போர் என்றொரு இனம் நம்மிடையே பெருகிவருவதைக் கவனித்திருப்பீர்கள். இவர்கள் இன்டர்நெட்டைப் பயன்படுத்துவதில்லை, அளக்கிறார்கள். பல் துலக்கும் முன் ஒருமுறை, மழை தூறினால் ஒருமுறை, கரண்ட் போய் வந்தால் கட்டாயம் ஒருமுறை அளந்து, வந்த எண்ணைப் படம் பிடித்துக் குடும்ப குரூப்பில் போட்டுவிட்டுத்தான் காபி குடிப்பார்கள். அவ்வளவு வேகத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வார்கள்? மறுபடி அளப்பார்கள்.

திண்டுக்கல் நாகல் நகரில் குடியிருக்கும் அந்தோணிராஜ் இந்த இனத்தில் உயர்ந்த வகை. செல்போனில் சோதிப்பவர்களைக் கண்டால் அவருக்கு இளக்காரம். பாஸ்வேர்டு போட்டு ரவுட்டருக்குள்ளேயே நுழைந்து, அங்கிருக்கும் சோதனைப் பொத்தானை அழுத்துவார். பணம் கட்டுவது நூறு எம்பிபிஎஸ் வேகத்துக்கு, நூறு வரும். உள்ளறையில் படம் சுற்றிக்கொண்டே நிற்கிறது என்று மகள் ஜோஸ்பின் புகார் சொன்னால், "ரவுட்டர்ல நூறு வருதே பாப்பா" என்பார். அதாவது, குற்றம் சுவருடையது, அல்லது மகளுடையது. வேடசந்தூர்ப் பக்கம் ஒரு நூல் மில்லின் பரிசோதனைக் கூடத்தில் அவருக்கு இருபது வருட வேலை. நூல் எவ்வளவு பலம் என்று தெரிய, அறுகிற வரை இழுத்துப் பார்ப்பார்கள். இழுத்துப் பார்க்காத எதையும் அவர் நம்பியதில்லை.

போன வியாழக்கிழமை பதினோரு மணிக்கு ஜோஸ்பினுக்கு வீடியோவில் நேர்காணல். ஒன்றரை வருடம் வேலை தேடி, இரண்டு சுற்று தாண்டி வந்த கடைசிச் சுற்று. அந்தோணிராஜ் மில்லுக்கு லீவு போட்டார். லைனைக் கவனிக்க ஆள் வேண்டாமா?

உள்ளே மகள் பேசத் தொடங்கினாள். கூடத்தில் அப்பா பொத்தானை அழுத்தினார். தொண்ணூற்றாறு. மீதி நாலு எங்கே போனது? அந்த நாலில்தான் மகள் பேசிக்கொண்டிருந்தாள் என்பது அவருக்கு உறைக்கவில்லை. சோதனை ஓடும்போதெல்லாம் லைன் மொத்தத்தையும் அது இழுத்துக்கொள்ள, உள்ளே கேள்வி கேட்பவர் பாதி திறந்த வாயோடு சிலையாக நின்றார். அப்பா மறுபடி அழுத்தினார். சிலை மறுபடி நின்றது.

ஜோஸ்பின் எட்டிப் பார்த்தாள். "அப்பா, எதையாச்சும் நோண்டுறீகளா?"

"லைனுக்குத்தான் காவல் இருக்கேன். நீ தைரியமாப் பேசு."

ஐந்தாவது சோதனையில் பேச்சு அறுந்தது. அவள் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு, திரையை விட்டுக் கண்ணெடுக்காத அப்பாவைத் தாண்டி, செருப்புகூடப் போடாமல் பக்கத்து வீட்டு நர்கீஸிடம் ஓடினாள். அங்கே ரவுட்டர் பிரிட்ஜுக்குப் பின்னால் தூசி படிந்து கிடந்தது. நர்கீஸ் அவளை உட்கார வைத்துக் கதவைச் சாத்தினாள். கம்பெனிக்காரர்கள் நல்லவர்கள், மறுபடி இணைந்தார்கள். நாற்பது நிமிடம் சிறு தடங்கலும் இல்லை.

இங்கே அந்தோணிராஜுக்கு நூறு வந்துவிட்டது. சுளையாக நூறு. சொல்லலாம் என்று உள்ளறைக்கு ஓடினார். காலி நாற்காலி.

மகளைத் தேடி அவர் பக்கத்து வீட்டு வாசலுக்குப் போய் நிற்கவும் ஜோஸ்பின் கண்கலங்கி வெளியே வரவும் சரியாக இருந்தது. "திங்கக்கிழமை சேரச் சொல்லிட்டாகப்பா."

அவருக்கும் கண் கலங்கியது. பிறகு நர்கீஸிடம் கேட்டார்:

"ஏம்மா, ஒங்க வீட்டுல எம்புட்டு வருது?"

"எதுண்ணே?" என்றாள் அவள்.

சிரிக்கிறீர்கள், நல்லது. ஆனால் நர்கீஸ் வீட்டில் எவ்வளவுதான் வந்திருக்கும் என்று உங்களுக்கும் இந்நேரம் ஒரு குறுகுறுப்பு எழுந்திருக்குமானால், தயவுசெய்து எதையும் அழுத்தும் முன், உள்ளறையில் யாராவது பேசிக்கொண்டிருக்கிறார்களா என்று ஒருமுறை எட்டிப் பாருங்கள்.